பேறு பார்த்தல்: மருந்தின்றி வலி தணித்த வரலாறு

தமிழில் மருத்துவச்சி பேறு 'பார்க்கிறாள்'. செய்கிறாள் என்றோ நடத்துகிறாள் என்றோ நம் மக்கள் சொல்வதில்லை. நாடி பார்ப்பதும், வைத்தியம் பார்ப்பதும், பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் இதே வினையால் நடப்பவை. கண்ணால் காண்பதோடு, பொறுப்பேற்று அருகிருப்பதும் அவ்வினையின் பொருளுக்குள் அடங்கும். ஆங்கிலத்தில் 'மிட்வைஃப்' என்னும் சொல்லின் பழம்பொருள் 'பெண்ணோடு இருப்பவள்' என்பது. இலத்தீன் மொழியின் 'ஒப்ஸ்டெட்ரிக்ஸ்' என்பதற்கு 'எதிரே நிற்பவள்' என்று பொருள்; மகப்பேற்று மருத்துவத்தைக் குறிக்கும் இன்றைய ஆங்கிலச் சொல் அதிலிருந்தே கிளைத்தது. ஒருத்தி பார்க்கிறாள், ஒருத்தி உடனிருக்கிறாள், ஒருத்தி எதிரே நிற்கிறாள். மூன்று சொற்களிலும் மருந்தும் இல்லை, கருவியும் இல்லை, ஆள் இருக்கிறாள்.

எபிடியூரல் எனப்படும் முதுகுத்தண்டு மரப்பு ஊசி பரவலாகக் கிடைக்கும் காலத்தில் நாம் வாழ்கிறோம். அது பெரும் பேறு என்பதில் எனக்கு ஐயமில்லை. அதை வேண்டிக் கேட்கும் பெண்ணுக்கு அதனை மறுப்பதற்கு இவ்வுரையை யாரும் துணைக்கழைக்க வேண்டா. ஆயினும் அவ்வூசி கிட்டாத பெண்களும் வேண்டாத பெண்களும் இன்றும் உலகெங்கும் பலர். அவர்களுடைய வலியைத் தணிக்க மருத்துவ உலகம் கடந்த நூற்றாண்டில் என்னென்ன கொள்கைகளைக் கட்டியது, அவற்றுள் எவை சரிந்தன, எது எஞ்சியது என்பதே இங்கு நாம் காண இருப்பது. எஞ்சியது, மேற்கண்ட மூன்று சொற்களும் முன்பே சொல்லி வைத்ததுதான் என்பது என் முடிபு.

'வலி' என்னும் சொல்லையும் மாணவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். இன்று அது நோவைக் குறிக்கிறது. பழந்தமிழில் அது ஆற்றல். திருக்குறளின் 48ஆம் அதிகாரம் 'வலியறிதல்' எனத் தலைப்புப் பெற்றது, ஒருவன் தன் வலிமையையும் பகைவன் வலிமையையும் அறிவது பற்றி. கருப்பை சுருங்கும்போது எழும் நோவு உண்மையில் அத்தசையின் ஆற்றல்தான். இரு பொருளும் ஒரே நேரத்தில் பொருந்தும் இடம் இது ஒன்றேயாக இருக்கலாம். ஆனால் இத்தகைய சொல்லழகைக் கொண்டு, வலிப்பவளிடம் 'இது வலியன்று, வலிமை' என்று சொல்லப் புறப்படுவது கொடுமை. அப்படிச் சொன்னவர்களும் வரலாற்றில் உண்டு. அவர்களை விரைவில் சந்திப்போம்.

முதலில் மருந்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1847ஆம் ஆண்டு எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் என்னும் மருத்துவர் பேற்று வலிக்கு முதலில் ஈதரையும், அவ்வாண்டின் இறுதியில் குளோரோபாமையும் பயன்படுத்தினார். 1853 ஏப்ரல் 7ஆம் நாள் விக்டோரியா அரசியார் தம் எட்டாம் குழந்தையைப் பெற்றபோது, ஜான் ஸ்நோ கைக்குட்டையில் குளோரோபாமை நனைத்து 53 நிமிடங்கள் முகரச் செய்தார். 'வேதனையோடு பிள்ளை பெறுவாய்' என்பது கடவுள் ஆணை என்று கூறித் திருச்சபை மூர்க்கமாக எதிர்த்ததாகப் பல நூல்கள் எழுதுகின்றன. அது பெரும்பாலும் மிகை. சிம்சன் அத்தகைய எதிர்ப்பை எதிர்பார்த்து முன்கூட்டியே மறுப்பு நூல் எழுதினார். பிற்காலத்தவர் அந்த மறுப்பைக் கொண்டே எதிர்ப்பின் அளவைக் கற்பித்துக்கொண்டனர்.

அடுத்து வந்தது செருமனியின் பிரைபர்க் நகரில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரோனிக், கௌஸ் என்னும் இருவர் வளர்த்த 'அந்தி உறக்கம்'. மார்பினும் ஸ்கோபோலமினும் கலந்த ஊசி அது. அதன் இயல்பு விந்தையானது. பெண்ணுக்கு வலி முழுமையாக நீங்குவதில்லை. அவள் கத்துவாள், புரளுவாள். ஆனால் விழித்த பின் எதுவும் நினைவிருக்காது. 1914இல் அமெரிக்கப் பெண்கள் இதனை உரிமையாகக் கேட்டுச் சங்கம் அமைத்துப் போராடினர். ஸ்கோபோலமின் அந்நாட்டில் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1958இல் அங்கே ஒரு பெண்கள் இதழ் பேற்று அறைகளைப் பற்றிய வாசகியர் கடிதங்களை வெளியிட்டது. கட்டிலோடு கட்டப்பட்டு, மணிக்கணக்கில் தனியே விடப்பட்டதைப் பலர் எழுதியிருந்தனர். மருந்து நினைவை அழித்தது. அதனாலேயே அருகிருக்க ஆள் தேவையில்லை என்ற எண்ணம் எளிதில் வேரூன்றியது.

இந்தப் பின்னணியில்தான் மருந்தில்லா முறைகள் தலையெடுத்தன. அவற்றின் முதல் பெயர் கிராண்ட்லி டிக்-ரீட். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் 1890இல் பிறந்தவர். இளம் மருத்துவராக இலண்டன் ஒயிட்சேப்பல் பகுதியின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் ஒரு பெண்ணுக்குப் பேறு பார்க்கச் சென்றபோது, அவள் குளோரோபாம் முகமூடியை வேண்டாம் என மறுத்து, அமைதியாகவே பிள்ளை பெற்றாள். காரணம் கேட்டவரிடம், தனக்கு வலிக்கவில்லை என்றும், வலிக்க வேண்டியதும் இல்லைதானே என்றும் அவள் திருப்பிக் கேட்டதாக அவர் எழுதுகிறார். அந்தக் கேள்வி அவரை விடவில்லை. அச்சம் உடலை இறுக்குகிறது; இறுகிய உடல் வலியைப் பெருக்குகிறது; பெருகிய வலி அச்சத்தை வளர்க்கிறது என்னும் சுழற்சிக் கொள்கையை 1933இல் 'இயற்கை மகப்பேறு' என்ற பொருள்படும் நூலில் முன்வைத்தார். பேற்றின் போக்கைப் பெண்ணுக்கு முன்கூட்டியே விளக்குதல், தசைகளைத் தளர்த்தப் பழக்குதல், பேற்றின்போது அவளைத் தனியே விடாதிருத்தல் ஆகியவை அவர் காட்டிய வழிகள்.

டிக்-ரீட்டின் கொள்கையில் ஒரு கசப்பான பகுதியும் உண்டு. நாகரிகம் தொடாத இனத்துப் பெண்கள் வலியறியாமல் பிள்ளை பெறுகிறார்கள் என்று அவர் நம்பினார். படித்த வகுப்பாரிடையே பிறப்பு குறைவது குறித்த அக்காலக் கவலையும் அவர் எழுத்தில் கலந்திருந்தது. 'நாகரிகம் தொடாத' பெண்கள் என அவர் வகுத்த கூட்டத்தில் நம் கொள்ளுப்பாட்டிமாரையும் சேர்த்திருப்பார் என்று எண்ணுகிறேன். அவர்களுக்கு வலித்ததா என்பதை அறிய நம்மிடம் சான்று இருக்கிறது. 'பிள்ளை பெற்றவளுக்குத்தான் தெரியும் பேற்று வலி' என்று நம் பேச்சு வழக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் முறை சோவியத் ஒன்றியத்தில் பிறந்தது. கார்கோவ் நகரில் 1920களிலேயே அறிதுயில் முறையால் பேற்று வலியைக் குறைக்க முயன்றவர் வெல்வோவ்ஸ்கி. 1949 அளவில் அவரும் அவர்தம் கூட்டாளிகளும் அறிதுயிலை விட்டுவிட்டுப் பாவ்லோவின் பழக்க அனிச்சைக் கொள்கையைப் பற்றினர். பேறு என்றால் வலி என்பது சமுதாயம் பெண்ணின் மூளையில் பதித்துவிட்ட ஒரு பழக்கமே. கல்வியால் அதனைக் கலைத்து, மூச்சுப் பயிற்சியால் புதிய பழக்கத்தை ஊன்றலாம் என்பது அவர்கள் வாதம். 1951இல் நாடு முழுவதும் இம்முறையைப் பின்பற்ற அரசு ஆணையிட்டது. போருக்குப் பின் மருந்துக்குத் தட்டுப்பாடு நிலவிய நாட்டில், செலவில்லாத வலி நீக்கம் அரசுக்கு ஏன் இனித்தது என்பதை ஊகிப்பது கடினமன்று.

அதே ஆண்டில் லெனின்கிராடுக்குச் சென்ற பெர்னான் லமாஸ் என்னும் பிரெஞ்சு மருத்துவர், அறுபதை ஒட்டிய வயதினர், அங்கொரு பெண் மருந்தின்றி அமைதியாகப் பிள்ளை பெறுவதைக் கண்டு வியந்தார். ஊர் திரும்பியதும் பாரிசில் உலோகத் தொழிலாளர் சங்கத்தின் மருத்துவமனையில் இம்முறையைத் தொடங்கினார். நாய்க்குட்டி இரைப்பதுபோன்ற விரைவான மேல்மூச்சு, வயிற்றை வருடுதல், பார்வையை ஒரு புள்ளியில் நிறுத்துதல் ஆகியவை இதன் அடையாளங்கள். பொதுவுடைமை நாட்டிலிருந்து வந்த முறையாயிற்றே எனக் கத்தோலிக்கர் தயங்கினர். 1956 சனவரியில் பன்னிரண்டாம் பத்திநாதர் என்னும் போப்பாண்டவர் இதில் அறநெறிக்கு மாறானது எதுவும் இல்லை என்று உரைத்தபின் தயக்கம் அகன்றது. பாரிசில் இம்முறையில் பிள்ளை பெற்ற மார்ஜரி கார்மெல் என்னும் அமெரிக்கப் பெண் 1959இல் லமாஸுக்கு நன்றி கூறி ஒரு நூல் எழுதினார்; அடுத்த ஆண்டே அவரும் எலிசபெத் பிங்கும் சேர்ந்து அமெரிக்காவில் இதற்கென ஓர் அமைப்பைத் தொடங்கினர். நம் நாடுகளின் கருவுற்றோர் வகுப்புகளில் இன்று கற்பிக்கப்படும் மூச்சுப் பயிற்சியின் வேர் இதுவே.

மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பாரிசு மருத்துவமனையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் 'மோனித்ரீஸ்' எனப்பட்ட பயிற்சி பெற்ற பணிப்பெண் ஒருத்தி பேறு முடியும்வரை அருகிருந்தாள். அட்லாண்டிக் கடலைத் தாண்டியபோது பாவ்லோவ் மெல்ல மறைந்தார். பணிப்பெண்ணின் இடத்தில் கணவன் வந்து நின்றான். டிக்-ரீட்டின் கொள்கைக்கும் லமாஸின் கொள்கைக்கும் ஆகாது. ஒன்று அச்சத்தைப் பேசியது, மற்றொன்று மூளைப் புறணியைப் பேசியது. ஆனால் இரண்டிலும் கட்டிலருகே ஓர் ஆள் இருந்தார். கொள்கையைப் பற்றிச் சண்டையிட்டவர்கள் அந்த ஆளைக் கணக்கில் எடுக்கவில்லை.

எடுக்காததன் விலையைப் பெண்கள் கொடுத்தனர். வலி என்பது கல்வியால் நீங்கக்கூடிய பழக்கமென்றால், வலித்தவள் பாடத்தைச் சரியாகப் படிக்காதவள் ஆகிறாள். லமாஸின் மருத்துவமனையில் பெண்களின் அலறலையும் அமைதியின்மையையும் கொண்டு, 'மிகச் சிறப்பு' முதல் 'முழுத் தோல்வி' வரை தரம் பிரித்தார்கள். பேற்று அறை தேர்வுக் கூடமாயிற்று. ஆசிரியர்கள் நிறைந்த இந்த அவையில் இதன் கடுமையை நான் விளக்க வேண்டியதில்லை. இங்கே 'மூச்சை ஒழுங்காக விடத் தெரியவில்லையா' என்று செவிலியர் கடிந்துகொண்டதை இன்றும் நினைவுகூரும் தாய்மார் உண்டு.

இந்த மயக்கத்தைத் தெளிவித்தவர் கனடாவின் ரொனால்ட் மெல்சாக். வலியைச் சொற்களால் அளக்கும் வினாத்தாளை உருவாக்கிய உளவியலறிஞர் அவர். வலி ஆராய்ச்சியில் மொழிக்கு இடம் தந்தவர் என்பதால் நம் அவைக்கு உறவினரும் ஆவார். குத்துகிறதா, பிழிகிறதா, எரிகிறதா என்று பெண்களையே கேட்டு அவர் 1981இல் வெளியிட்ட ஆய்வின் தலைப்பே முடிவைச் சொல்லிவிட்டது: ஆயத்தப் பயிற்சிக்குப் பின்னும் பேறு வலிக்கவே செய்கிறது. பயிற்சி பெற்றவர்களுக்கு வலி ஓரளவே குறைந்திருந்தது. பேற்று வலி அவர் அளந்த வலிகளுள் மிகக் கடியவற்றின் வரிசையில் நின்றது.

இவரே 1965இல் பேட்ரிக் வால் என்பவரோடு சேர்ந்து 'வாயில் கட்டுப்பாட்டுக் கொள்கை'யை வகுத்தவர். வலியைச் சுமந்து வரும் நரம்புச் செய்திகள் தண்டுவடத்தில் ஒரு வாயிலைக் கடந்தே மூளைக்குச் செல்கின்றன. தொடுதல், அழுத்தம் ஆகியவற்றின் செய்திகள் அவ்வாயிலை ஓரளவு சாத்துகின்றன. மூளையிலிருந்து இறங்கும் செய்திகளும் அதனைத் திறக்கவோ மூடவோ வல்லவை. இக்கொள்கை பின்னர்ப் பலவாறு திருத்தப்பட்டது. ஆயினும் அடி இடுப்பை அழுத்தித் தேய்ப்பது ஏன் இதமளிக்கிறது என்பதற்கு ஒரு விளக்கம் கிடைத்தது. நம் மருத்துவச்சிகள் எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, நடக்கவிட்டதை எண்ணிப் பாருங்கள். வெதுவெதுப்பான நீரில் அமர்வது மரப்பு ஊசியின் தேவையைக் குறைப்பதையும், முதற்கட்டத்தில் நிமிர்ந்திருப்பதும் நடப்பதும் பேற்று நேரத்தை ஒரு மணிக்கும் மேல் குறைப்பதையும் பிற்கால ஆய்வுத் தொகுப்புகள் காட்டியுள்ளன. மல்லாந்து படுக்கவைத்தது மருத்துவரின் வசதிக்காக.

இனி நம் ஊருக்கு வருவோம். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் லயத்து வீடுகளில் தமிழ்ப் பெண்களுக்கு வலி கண்டபோது, மூத்த பெண்ணொருத்தியோ தோட்டத்து மருத்துவச்சியோ, சில இடங்களில் பக்கத்துக் கம்பத்து மலாய் பீடானோ வந்து பேறு பார்த்தனர். அந்த உலகத்தைப் பொன்னுலகமாக்கிப் பேச நான் ஒப்பேன். குருதிப்போக்கும் சீழ்க்காய்ச்சலும் வந்தால் அங்கே காப்பாற்ற வழியில்லை. தூய்மையும் பயிற்சியும் வந்த பிறகே தாய்மாரும் சேய்களும் பிழைத்தனர். சிங்கப்பூரில் 1924 அக்டோபரில் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை 30 படுக்கைகளுடன் மகப்பேற்று மருத்துவமனையாயிற்று. 'எருமைத் தொழுவம்' என்று பொருள்படும் அவ்வட்டாரப் பெயரே அதற்கும் நிலைத்தது. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. கின்னஸ் நூலில் இடம்பெற்ற எண்ணிக்கை அது. நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேல். அதே 1966இல் மலேசியாவில் மருத்துவச்சியர் சட்டம் இயற்றப்பட்டு, ஊர்ப் பீடான்களும் பதிவுக்கும் மேற்பார்வைக்கும் உட்பட்டனர்.

உயிர் காத்த இந்த மாற்றத்தில் ஒன்று நழுவியது. நாளுக்கு நூறு பேறு நடக்கும் அறையில் ஒவ்வொருத்தியின் தாயையும் அத்தையையும் உள்ளே விட முடியாது. உறவினர் வெளியே காத்திருந்தனர். அவள் உள்ளே தனித்திருந்தாள். மருத்துவமனையின் மொழி ஆங்கிலம். இடைமொழி மலாய் அல்லது சீனக் கிளைமொழி ஒன்று. 'அம்மா' என்று கத்துபவளுக்கு 'இதோ இருக்கிறேன்' என்று அவள் மொழியில் பதில் சொல்ல யாரும் வாய்ப்பது அரிதாயிற்று. இந்த இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. பதிவேட்டுக்கு அதற்கென ஒரு கட்டம் இல்லை.

அப்படியொரு கட்டம் தற்செயலாகத் தோன்றியது, மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில். நெரிசலான மருத்துவமனை, உறவினருக்கு அனுமதியில்லை, பெண்கள் தனியே: நாம் இப்போது கண்ட காட்சிதான். மார்ஷல் கிளாஸ், ஜான் கெனல் என்னும் குழந்தை மருத்துவர்கள் அங்குத் தாய்-சேய் பிணைப்பைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தனர். அவர்களிடம் பணியாற்றிய ஒரு மருத்துவ மாணவி, தனக்கிட்ட பணிக்கு மேல், சில பெண்களோடு பேறு முடியும்வரை இருந்துவிட்டாள். அப்பெண்களின் கணக்கு மற்றவர்களோடு ஒத்துவரவில்லை. அவர்களுக்குப் பேறு விரைவில் முடிந்திருந்தது. அம்மாணவியைக் கடிந்து அந்தத் தரவுகளைத் தள்ளிவிட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அவர்கள் அதனையே ஆய்வாக்கினர். முன்பின் அறியாத, மருத்துவப் பயிற்சியில்லாத ஒரு பெண்ணை அருகிருத்தினர். அவள் செய்தது முதுகைத் தேய்த்தது, கையைப் பிடித்துக்கொண்டது, பேசியது. 1980இல் சோசாவோடு சேர்ந்து அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, சிக்கலின்றிப் பெற்றவர்களுள் துணை இருந்தவர்களுக்குச் சராசரியாக 8.8 மணி நேரமும், இல்லாதவர்களுக்கு 19.3 மணி நேரமும் ஆயின. அது இரு பிரிவிலும் இருபது இருபது பேரை வைத்த சிறிய ஒப்பீடு. நானே முதலில் படித்தபோது நம்பத் தயங்கினேன். ஆகவே அடுத்த ஆய்வுகள் முதன்மையானவை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரப் பொது மருத்துவமனையில் 412 பெண்களை வைத்து 1991இல் வெளியான ஆய்வில், துணை பெற்றவர்களுள் 8 விழுக்காட்டினருக்கே அறுவைப் பேறு தேவைப்பட்டது. ஒப்பீட்டுப் பிரிவில் அது 18 விழுக்காடு. அறுவையோ ஆயுதமோ இன்றிப் பெற்றவர்களுள் எபிடியூரல் வாங்கியோர் துணை பெற்ற பிரிவில் 7.8 விழுக்காடு, ஒப்பீட்டுப் பிரிவில் 55.3 விழுக்காடு.

அந்த ஆய்வில் மூன்றாம் பிரிவு ஒன்றும் இருந்தது. அங்கே ஒரு பெண் அறைக்குள் அமர்ந்து குறிப்பெழுதினாள். தாயைத் தொடவில்லை, பேசவில்லை. அந்தப் பிரிவில் எபிடியூரல் வாங்கியோர் 22.6 விழுக்காடே, அறுவைப் பேறு 13 விழுக்காடு. வெறுமனே ஒருத்தி இருந்து பார்த்ததற்கே இவ்வளவு. பேறு 'பார்த்தல்' என்று நம் மொழி சொல்லிவந்ததற்கு எண்களால் ஆன உரை இதைவிட வேறு கிடைக்குமா என்று தெரியவில்லை.

இத்துணையாளுக்கு இன்று வழங்கும் 'டூலா' என்னும் பெயரைப் பரப்பியவர் டானா ராபேல் என்னும் மானிடவியலறிஞர். பணிப்பெண் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் அது. நமக்கு அப்பெயர் புதிதாயினும் ஆள் புதியவளல்லள். திருச்சிராப்பள்ளி மலைக்கோயிலின் தலபுராணத்தில் இரத்தினாவதி என்னும் பெண் பேற்று வலியில் தனித்திருக்கிறாள். அவள் தாய் புறப்பட்டு வருகிறாள், காவிரியில் வெள்ளம், கடக்க இயலவில்லை. இறைவன் அத்தாயின் உருவில் வந்து பேறு பார்க்கிறான். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர்ந்தபோது இருவரையும் கண்ட மகள் திகைக்கிறாள். தாயுமானவர் என்ற பெயர் இதனால் வந்தது. அற்புதங்களுக்குக் குறைவில்லாத நம் புராண உலகில், வலியையே இல்லாமல் ஆக்கிவிடும் வரமொன்றை இறைவன் தந்ததாக எழுதுவது கடினமா? கதை கட்டியவர்கள் அப்படி எழுதவில்லை. அந்நேரத்தில் வேண்டுவது எதுவென அவர்கள் அறிந்திருந்தார்கள்.

2017இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்று 17 நாடுகளில் 15,858 பெண்களைப் பற்றிய 26 ஆய்வுகளைத் திரட்டியது. தொடர்ந்த துணை பெற்றவர்கள் இயல்பாகப் பெறுவது மிகுகிறது, பேற்று நேரம் சற்றே குறைகிறது, வலி மருந்தின் தேவை குறைகிறது, பேற்றைப் பற்றிய கசப்பு குறைகிறது என்பன அதன் முடிவுகள். குவாத்தமாலாவில் கண்ட பெரும் வேறுபாடு இவ்வளவு பெண்களிடையே சுருங்கித் தெரிகிறது, ஆனால் மறையவில்லை. 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் பெண் தானே விரும்பித் தேர்ந்த ஒருவர் பேறு முழுதும் உடனிருக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. மூச்சுப் பயிற்சியையும் வருடலையும் அது வழிகளாகச் சேர்த்துக்கொண்டது. எபிடியூரலை வேண்டுவோர்க்கு அதனையும் பரிந்துரைத்தது. ஒன்றுக்கொன்று பகையாக அவற்றை நிறுத்தவில்லை. தேர்வுக் கூடத்து மதிப்பெண் பட்டியலும் அதில் இல்லை.

இரண்டே ஆண்டுகளில் கொள்ளைநோய் வந்தது. 2020இல் பல நாடுகளின் மருத்துவமனைகள் முதலில் மூடிய கதவுகளுள் பேற்று அறையின் கதவும் ஒன்று. கணவர்கள் வாகன நிறுத்துமிடங்களில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றனர். தாய்மார் திரையில் தெரிந்தனர். தொற்றுற்ற பெண்ணாயினும் அவள் தேர்ந்த துணையை மறுக்கக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் அப்போதே அறிவித்தது. முகக்கவசமும் கையுறையும் கொடுத்து ஒருவரை உள்ளே விடுவது எங்கெல்லாம் முடிந்ததோ, அங்கெல்லாம் விட்டார்கள். மற்ற இடங்களில் செவிலியரே தம் பணிகளுக்கிடையில் வந்து கையைப் பிடித்துக்கொண்டனர்.